பஸ்ட் கிளாஸ் சார்

அவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பது வீண் வேலை. பதினெட்டு வருடம் கேட்டுப் பார்த்தவள் சொல்கிறேன். ஜுரம் அடித்தாலும் சரி, கையில் கொப்புளம் போட்டிருந்தாலும் சரி, அம்மாவை அடக்கம் செய்துவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்து நின்றபோதும் சரி, ஒரே பதில்தான். இரண்டு குதிகாலையும் சேர்த்து, நெஞ்சை ஓர் அங்குலம் நிமிர்த்தி, "பஸ்ட் கிளாஸ்!" என்பார். கேட்டது மேனேஜர் என்றால் பின்னால் ஒரு "சார்" சேரும். நான் கேட்டால் ஒரு "மா" சேரும். வேறு மாற்றம் கிடையாது. அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது என்னிடம் நலம் விசாரித்தால் எனக்கு முதலில் அந்தக் குரல்தான் கேட்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே பாய்லர் ஓட்டினார். கப்பற்படையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் கம்பெனி முழுக்க அவருக்கு நேவி என்றே பெயர். சம்பளச் சீட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனுக்கே ஆள் தெரியாது. நான் நேவிண்ணா என்று கூப்பிடுவேன்.

தன்னைப் பற்றி வாய் திறக்காத அந்த மனுஷன், பாய்லரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஷிஃப்டுக்கு வந்ததும் சட்டைக்கையை மடித்துவிட்டு, அதன் மேல் போர்த்தியிருக்கும் அலுமினியத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, "இன்னாம்மா, ஒயுங்கா தூங்குனியா?" என்று விசாரிப்பார். லாக் புத்தகத்தில் மற்ற ஆட்கள் பிரஷர் எவ்வளவு, தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் குறிப்பு எழுதுகிற கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதுவார். 'தண்ணி பம்பு லேசா முனகுது.' 'சேஃப்டி வால்வுக்கு மூணு நாளா மனசு சரியில்ல.' மேனேஜர் ஒருநாள் அந்தப் புத்தகத்தை என் மேஜையில் போட்டு, "ஏம்மா, இது பாய்லர் லாகா, பிரசவ ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டா?" என்று கேட்டார்.

முனகலுக்கும் மனக்கஷ்டத்துக்கும் மருந்து என் ஸ்டோரில்தான் இருக்க வேண்டும். குழாய் இணைப்பில் வைக்கிற கேஸ்கெட் கேட்டு வந்து நிற்பார். ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமைதான் வரும் என்பேன்.

"சரி, நீ ஒரு தபா வந்து அதுங்கிட்ட நீயே சொல்லிடும்மா. என்னால முடியாது" என்பார்.

சிரிக்காமல் சொல்வார். நான் போகவில்லை என்று நினைக்காதீர்கள். ஒருமுறை உண்மையாகவே போய், பாய்லர் முன்னால் நின்று, "திங்கட்கிழமை வந்துடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு அவர் கணக்கில் டீ.

பழவேற்காட்டு ஏரியோரக் குப்பத்தில் பிறந்தவர். அப்பாவை நைனா என்பார். நைனா படகில் போனார், இவர் கப்பலில் போனார், ஆனால் கடலைப் பற்றி இவரிடம் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. "நடுக்கடல் எப்படிண்ணா இருக்கும்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? சூடா இருக்கும்" என்றார்.

கப்பலில் அவருக்கு வேலை பாய்லர் ரூமில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. பதினைந்து வருடத்தில் கடலைப் பார்த்ததைவிடக் குழாய்களைப் பார்த்ததுதான் அதிகம்.

ஒருமுறை கம்பெனியில் நீராவிக் குழாயின் இணைப்பு விட்டுப்போய் சீறியது. எல்லோரும் வெளியே ஓடினோம். இவர் உள்ளே போய் வால்வை மூடிவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். விபத்துப் பதிவேடு என் பொறுப்பு. எடுத்து நீட்டினேன். 'காயம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட அந்தக் கையில் முழங்கைவரை தோல் சிவந்து பொங்கிக்கொண்டு வந்தது.

"இது என்னண்ணா?"

"இது காயம் இல்லம்மா. சூடு."

மருந்துப் பெட்டியைத் திறந்து களிம்பு தடவினேன். "உன் ஆசைக்குத் தடவிக்கோ" என்று கையை நீட்டியபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் மருத்துவ முகாம் நடக்கும். முன்னும் பின்னும் கேள்விகள் அச்சடித்த ஒரு தாள் கொடுப்பார்கள். இருமல் உண்டா, தலைசுற்றல் உண்டா, மூச்சிரைப்பு உண்டா என்று போகும். இவர் படிக்கவே மாட்டார். மேலிருந்து கீழே 'இல்லை' 'இல்லை' என்று டிக் போட்டுக்கொண்டே வந்து, 'நன்றாகப் பசி எடுக்கிறதா?' என்பதற்கும் இல்லை என்று போட்டுவிட்டார். அந்தப் பசிக்காகத்தான் அவரை டாக்டர் தனியாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார். வெளியே வந்தவரை நாங்கள் கேலி செய்து தீர்த்தோம்.

"ஏண்ணா இப்படி?" என்று அன்றைக்குக் கேட்டேன். அதற்கு மட்டும் கொஞ்சம் நீளமான பதில் வந்தது.

"கப்பல்ல சிக் ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு கீதும்மா. உடம்பு முடியலன்னா காலைல அங்க போய் நிக்கணும். நீ அங்க போய் நின்னுட்டா உன் டூட்டிய எவன் பாப்பான்? பக்கத்துல கீறவன் தலைல உழும். அவன் ஏற்கெனவே வெந்து போய் வந்திருப்பான். உன்னுதையும் சேத்து அவன் வேவணும். அதான் எங்க வாட்சுல, வாட்சுன்னா ஷிப்டு, ஒருத்தனும் போவ மாட்டோம். எவனக் கேட்டாலும் பஸ்ட் கிளாஸ்."

எனக்கு அவரை ஏன் அவ்வளவு பிடித்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதுவரை நான் அதை வீறாப்பு என்று நினைத்திருந்தேன். அது பக்கத்தில் இருப்பவன் மேல் பாரம் ஏற்றாத பழக்கம். பழக்கம் நல்லதுதான், ஆனால் கப்பலை விட்டு இறங்கியும் விடவில்லை என்பதுதான் பேஜாரு.

அவருடைய மனைவியை நான் அண்ணி என்பேன். அதே குப்பத்துப் பெண். புதுவாயல் கூட்ரோட்டில் கருவாடும் இறாலும் விற்பவர். அவர் இவருக்கு நேர் எதிர். கால் வலி, இடுப்பு வலி, வெயில், மழை, லாரிக்காரன் அடிக்கும் ஹாரன், பக்கத்துக் கடைக்காரி பார்க்கும் பார்வை, எல்லாவற்றையும் பற்றிச் சத்தம் போட்டுப் புகார் சொல்வார். வீட்டில் இரண்டு பேர் சொல்ல வேண்டியதை ஒருத்தரே சொல்கிறார் என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

அறுபது வயதில் நேவிண்ணா வேலையை விட்டு நின்றார். அடுத்த வருடம் அண்ணிதான் கவனித்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து கடைவரை இறால் கூடையைத் தூக்கிவரும்போது இவர் நடுவில் ஒருமுறை நின்றார். பிறகு இரண்டு முறை. நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வாராம். வாரே இல்லாத ரப்பர் செருப்பு அது. அண்ணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது.

"இன்னாம்மா ஸ்டோரு, உங்கண்ணன் நெஞ்சுல ஊசி போட்டு ரெண்டு லிட்டர் தண்ணி எடுத்தாங்கம்மா. எடுக்கசொல்ல டாக்டரு வலிக்குதான்னு கேக்கறாரு. இந்தாளு பஸ்ட் கிளாஸ்ன்றாரு. டாக்டரு என்னப் பாக்கறாரு. நான் எங்க போய் முட்டிக்கறது?"

சத்தமாக ஆரம்பித்தவர் பாதியில் அழுதுவிட்டார்.

நுரையீரலைச் சுற்றி இருக்கும் மெல்லிய உறையில் புற்றுநோய். பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கல்நார் இருக்கற இடத்துல வேலை பார்த்திருக்கீங்களா?" என்பது. ஆஸ்பெஸ்டாஸ். கூரை போடும் தகட்டில் இருக்குமே, அது. அந்தக் காலத்துக் கப்பல்களில் நீராவிக் குழாய்களுக்குச் சூடு தாங்க அதைத்தான் சுற்றுவார்கள். அதன் தூசு மூச்சோடு உள்ளே போனால் வெளியே வராது. பல வருடம் சும்மா கிடந்துவிட்டு ஒருநாள் தன் வேலையைக் காட்டும். இவர் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டு, "அதுலதான் சார் பதினஞ்சு வருசம் குளிச்சோம்" என்றாராம், பெருமையாக.

கப்பலில் வந்த நோய் என்றால் படையே அதை ஒப்புக்கொள்ள வேண்டும், மனுப் போடுங்கள் என்று அந்த டாக்டர்தான் சொல்லி அனுப்பினார். ஒப்புக்கொண்டால் இவருக்கு ஊனமுற்றோர் பென்ஷன், இவருக்குப் பின்னால் அண்ணிக்கு அதற்கேற்ற பென்ஷன். இவர் "எதுக்கும்மா?" என்றார். அண்ணிதான் விடவில்லை. பென்ஷனைக்கூட அவர் பெரிதாகப் பேசவில்லை. குப்பத்தில் சொந்தக்காரர்கள், திருட்டுத்தனமாகப் பீடி குடித்திருப்பார், கப்பல்காரன் குடிக்காமல் இருப்பானா என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். பீடியும் கிடையாது, சாராயமும் கிடையாது அந்த மனுஷனுக்கு.

"எங்கேந்து வந்துச்சின்னு காயிதத்துல எழுதி, முத்திரை குத்திக் குடுக்க சொல்லும்மா. அத்த நான் கடைல மாட்டி வெக்கறேன்" என்றார் அண்ணி.

மனு எழுதுவது என் கைக்குப் பழக்கம். திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் முன்னாள் படைவீரர்களுக்கு வழி சொல்ல இருந்த ஒரு நல்ல மனுஷர், என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பெரியபாளையம் வழியாக நானும் நேவிண்ணாவும் எத்தனை முறை பஸ்ஸில் போய் வந்தோம் என்று எண்ணவில்லை. படி ஏறும்போது நின்று நின்று ஏறுவார். நான் திரும்பிப் பார்த்தால் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிப்பதுபோல் நிற்பார்.

முதல் மனு தள்ளுபடி ஆனது. இரண்டு காரணம் எழுதியிருந்தார்கள். ஒன்று, படையை விட்டு வரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு, அதன்பிறகு பல வருடம் தொழிற்பேட்டையில் பாய்லர் வேலை பார்த்திருக்கிறார், நோய் அங்கேயும் வந்திருக்கலாம். ஆகவே இது சர்வீஸால் வந்ததும் அல்ல, சர்வீஸால் அதிகமானதும் அல்ல.

கூடவே அந்தப் பழைய பரிசோதனைத் தாளின் நகலும் வந்தது. நான் அதைப் பார்த்தேன். மேலிருந்து கீழே வரிசையாக 'இல்லை'. அவருடைய கையெழுத்தேதான். எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"அப்ப இருமல் இருந்துச்சா, இல்லையாண்ணா?"

"இருந்துச்சி."

"அப்புறம் ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

"எழுதுனா ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில படுக்க வெச்சிருப்பான்மா. எனுக்கு டிக்கெட்டு போட்டாச்சி. உங்கண்ணி ஏழு மாசம். இல்லன்னு எழுதுனா அன்னிக்கே கையெழுத்து, சாயங்காலம் ரயிலு. எங்க பேட்சுல எல்லாரும் அப்டிதான் எழுதுனோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பாய்லர் வேலைக்கும் பிட்னஸ் காயிதம் கேப்பாங்கல்ல" என்றார்.

அந்தக் குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, சூளூர்ப்பேட்டையில் இருக்கிறது. அவள் பிறப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதிய 'இல்லை' அது. அப்புறம் நான் யாரைத் திட்டுவது?

இரண்டாவது காரணத்துக்கு நான் வழி கண்டேன். எங்கள் பாய்லருக்குப் போர்த்தியது கண்ணாடிப் பஞ்சு. கல்நார் எங்கள் ஸ்டோருக்குள் ஒருநாளும் வந்ததில்லை. வாங்கிய ரசீது முழுக்க என்னிடம் இருக்கிறது. மேனேஜரிடம் போய், "சார், நேவிக்கு வந்த நோய் நம்ம கம்பெனியால இல்லைன்னு ஒரு லெட்டர் வேணும்" என்றேன். ஒரு விசிறிக்கு அனுமதி வாங்க நான் நான்கு மாதம் நடந்த கம்பெனி அது. அந்த லெட்டர் மட்டும் டீ ஆறுவதற்குள் தயாராகி, சீலும் குத்தி, இரண்டு நகலோடு கைக்கு வந்தது. மேனேஜர் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பாத குறை.

அதை வைத்து ஒரு வக்கீல் மேல்முறையீடு செய்தார். வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. அதற்குள் நேவிண்ணா பாதியாகிவிட்டார். கடைசியில், புதிதாக ஒரு மருத்துவக் குழு இவரை நேரில் பார்த்து முடிவு சொல்லட்டும் என்று உத்தரவு வந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு, குழு கேட்பதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்று வக்கீல் எச்சரித்தார். யாருக்கு எதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

அந்த நாள் சென்னை போக நான் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினேன். அவர்கள் இரண்டு பேரும் கவரைப்பேட்டையில் ஏறினார்கள். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், பளபளவென்று ஷூ. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் அண்ணி ஒத்திகையை ஆரம்பித்தார்.

"இப்ப நான்தான் டாக்டரு. சொல்லு. எப்டி கீற?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"யோவ், உன்னத்தான். எப்டி கீற?"

"மூச்சு வாங்குது" என்றார், மிக மெதுவாக.

"சத்தமா சொல்லு. ரயிலுக்கே கேக்கல, டாக்டருக்கு எப்டி கேக்கும்?"

எதிர் சீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாளும் சேர்ந்துகொண்டார். "சொல்லு நைனா, இன்னா வெக்கம்?" பொன்னேரி தாண்டியபோது 'மூச்சு வாங்குது சார்' வந்தது. மீஞ்சூருக்குள் 'படுத்தா தூக்கம் வரல சார், உக்காந்துதான் தூங்கறேன் சார்' என்பதும் சேர்ந்தது. அண்ணி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மிட்டாய் ஒன்றை வாயில் போட்டார். நான் சிரித்தேன். தேறிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

படை ஆஸ்பத்திரியில் குழு இருந்த அறைக்குள் மூன்று டாக்டர்கள், மூவரும் சீருடையில். நடுவில் இருந்தவர் தமிழர், முடி நரைத்தவர். ஃபைலும் எக்ஸ்ரேயும் என்னிடம் இருந்ததால் என்னையும் அண்ணியையும் உள்ளே விட்டு, சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். நாற்காலி போட்டிருந்தது. இவர் உட்காரவில்லை.

"சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?" என்றார் நடுவில் இருந்தவர்.

நான் நேவிண்ணாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். குதிகால்கள் இரண்டும் ஒன்றுசேர்ந்தன.

"பஸ்ட் கிளாஸ் சார்!"

அந்த நெஞ்சிலிருந்து அவ்வளவு குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. டாக்டர் பேனாவை எடுத்து எதையோ எழுதப் போனார். அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட கையை எடுக்காமலே இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டார்.

"சார், சார், எழுதாதீங்க சார். இந்தாளு செத்தாலும் பாடைல எந்திரிச்சி அத்தத்தான் சொல்லுவாரு. அவுருகிட்ட உடம்பக் கேக்காதீங்க. வேலையக் கேளுங்க சார். கப்பல்ல இன்னா வேலை செஞ்சேன்னு கேளுங்க."

பக்கத்தில் இருந்த டாக்டர், வெளியே போகச் சொல்வதுபோல் கையைத் தூக்கினார். நரைத்தவர் அதைத் தடுத்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி. கப்பல்ல என்ன வேலை?"

எங்கள் கம்பெனி லாக் புத்தகத்தில் ஓரத்தில் ஏறி எழுதிய மனுஷன் அங்கே வந்து நின்றார். முகமே மாறிவிட்டது. கை இரண்டும் முன்னால் வந்தன.

"பாய்லர் ரூமு சார். சூடு தாங்க குழாய் மேல பூசுவாங்கல்ல லேகிங்கு, அது போடறதுல எங்க வாட்சுதான் நம்பர் ஒன்னு. பழச சுத்தியால தட்டி உரிக்கணும் சார். உரிக்கசொல்ல எதுருல நிக்கறவன் மூஞ்சி தெரியாது, அம்மாம் தூசு. அப்பறம் புதுப் பவுடர டிரம்முல கொட்டி, தண்ணி ஊத்தி, கையாலயே பிசையணும். சப்பாத்தி மாவு மாறி வரணும் சார். தண்ணி அதிகமானா ஒட்டாது, கம்மியானா வெடிச்சிரும். என் கைப்பக்குவம் யாருக்கும் வராது."

"கையுறை, மாஸ்க்?"

"அந்த சூட்டுல பனியனே போட மாட்டோம் சார்." அவருக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு நின்றது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மூச்சு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். "நாஷ்டா அங்கியே சார், அந்தப் பவுடர் மூட்டை மேலயே உக்காந்து. ரொட்டி மேல வெள்ளையா உழும். ஊதிட்டுத் துன்னுவோம். மூட்டை மெத்துமெத்துன்னு கீதுன்னு படுத்தும் தூங்குவோம். பதினஞ்சு வருசம் சார். என் வாட்சுல ஒரு குழாய்ல கூட சூடு தாண்டி வந்ததில்ல."

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார். "உங்க வாட்ச்ல மொத்தம் எத்தனை பேர்?"

"ஆறு பேரு சார்."

"மத்தவங்க இப்போ?"

"ரெண்டு பேரு கீறாங்க சார்."

பேனா நின்றது. "போனவங்களுக்கு என்ன உடம்புக்கு?"

அவர் யோசித்தார். "தெரியல சார். போன்ல கேட்டா எல்லாரும் பஸ்ட் கிளாசுன்னுதான் சொன்னானுங்க."

நரைத்த டாக்டர் எழுந்து வந்து, அவர் தோளைப் பிடித்து, அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். "உட்காருங்க. இது ஆர்டர்" என்றார். உட்கார்ந்தார். அதன்பிறகு எக்ஸ்ரேயைக் கேட்டார்கள், திசுப் பரிசோதனைத் தாளைக் கேட்டார்கள், எங்கள் மேனேஜரின் லெட்டரைக் கேட்டார்கள். ஃபைலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பும்போது ரயிலில் அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிட எனக்குப் பயம் தந்தது எதுவுமில்லை. நேவிண்ணா மட்டும், "நல்ல மனுசன்ல? லேகிங்கப் பத்தி எம்மாம் அக்கறையா கேட்டாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

உத்தரவு வர ஆறேழு வாரம் ஆனது. பதிவுத் தபால் வந்திருக்கிறது, இங்கிலீஷில் இருக்கிறது, வந்து படி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி போன் செய்தார். புதுவாயலில் கடைத்தெருவுக்குப் பின்னால் அவர்கள் வீடு. நான் போனபோது அண்ணி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தார். நேவிண்ணா சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷம், "எப்படிண்ணா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். கால்களைச் சேர்க்கப் பார்த்தார். "பஸ்ட் கிளாஸ்மா."

உறையைப் பிரித்தேன். முதல் பக்கம் முழுக்க எண்களும் விதிகளும். இரண்டாம் பக்கத்தில்தான் அது இருந்தது. நான் அதைத் தமிழில் சொன்னேன். "இந்த நோய் சர்வீஸின்போது செய்த வேலையால் ஏற்பட்டது என்று மருத்துவக் குழு ஏற்றுக்கொள்கிறது."

அண்ணியின் கை முறத்திலேயே நின்றுவிட்டது.

"அந்த வரிய இன்னொரு தபா படிம்மா" என்றார் நேவிண்ணா.

படித்தேன்.

"வேலையாலன்னா போட்டுக்கீறாங்க?"

"ஆமாண்ணா."

"கையெழுத்து?"

"மூணு பேரும் போட்டிருக்காங்க. முத்திரையும் இருக்கு."

உத்தரவைக் கையில் வாங்கி, இங்கிலீஷ் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். திருப்பித் தந்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"வலிக்குதுடி" என்றார்.

அண்ணி முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். கத்தப் போகிறார், இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வாளியில் கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு, நேவிண்ணா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குது? காட்டு."

அவர் அண்ணியின் கையைப் பிடித்துத் தன் விலாவில் வைத்தார்.

"இங்கயா?"

"இன்னும் கீழ."

"இங்க?"

"ஆங். அப்பறம் முதுவுல. அப்பறம் இந்தத் தோளு. ராத்திரியில இது."

அண்ணி ஒவ்வோர் இடமாகக் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். நான் உத்தரவை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, எழுந்து போவதா உட்கார்வதா என்று தெரியாமல் நின்றேன். அவர் இன்னும் காட்டி முடிக்கவில்லை.